பாலாற்று ஊற்றும் என் மாமியாரின் கண்டிஷனும்

மேலே மணல் பாதத்தைப் பொசுக்கும். கையை முழங்கை வரை உள்ளே விட்டால் சில்லென்று இருக்கும்... சித்திரை மாதப் பாலாறு எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் ஊர், ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் ஓடுவது வருஷத்தில் சில நாள்தான். ஆனால் மணலுக்குள் எப்போதும் இருக்கும். கையால் தோண்டினால் ஊற்று. கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டியதுதான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே பாடம் அது. அதிலும் ஒரு நாள் ஃபெயிலானேன்.

ஸ்டெல்லாவை எனக்குப் பெண் கேட்ட சமயம். கோவளத்துப் பெண். அவர்கள் தெருக் கிணறு உப்பு. நல்ல தண்ணிக்குக் குடம் தூக்கித் தூக்கியே வளர்ந்தவள். அதனால் அவள் அம்மா ஒரே கண்டிஷன் போட்டார்.

"மாப்ள கருப்பா இருந்தா பரவால்ல. தண்ணி நல்லா இருக்கணும். நானே வந்து குடிச்சிப் பாப்பேன்."

வந்தார். பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். சொம்பில் கொடுத்ததைத் தொடவில்லை.

"இத எங்கேருந்து எட்தாந்தீங்களோ, யாருக்குத் தெரியும்? ஆத்தக் காட்டுங்க."

மொத்தக் கூட்டமும் ஆற்றுக்குப் போனது. தோண்டினேன், ஊற்று வந்தது. இங்கேதான் தப்பு. புது ஊற்றில் முதலில் வருவது கலங்கல். நாலைந்து முறை இறைத்துக் கொட்டிவிட்டு, தெளியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். நானோ பதற்றத்தில் முதல் கொட்டாங்குச்சியையே மாமியாரிடம் நீட்டிவிட்டேன்.

அவர் பல்லில் மணல் நறநறத்தது எனக்கே கேட்டது.

"த்தூ! இன்னாடா இது, சேறு! வாடீ ஸ்டெல்லா, போலாம்."

ஸ்டெல்லா நகரவில்லை. ஊற்றருகே மண்டியிட்டாள். இறைத்தாள், கொட்டினாள். இறைத்தாள், கொட்டினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்... தெளிந்ததும் மொண்டு குடித்தாள்.

"யம்மா, தண்ணி நல்லாத்தான் கீது. ஆளுதான் அவசரக்காரன்."

அப்படித்தான் எனக்குக் கல்யாணம் ஆனது, மச்சான்களா. என் அழகில் மயங்கினாள் என்று இத்தனை வருஷம் உங்களிடம் சொன்னதெல்லாம் பொய்.

அப்புறம் மணல் லாரி லாரியாகப் போனது. மேலே இருந்த ஏரிகள் பிளாட் ஆயின. முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகை முழுக்க நின்று நிதானமாகப் பெய்யும் மழை. இப்போது இரண்டே நாளில் மொத்தத்தையும் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது. மணல் இல்லாத ஆற்றில் அது தங்க இடமேது? நேராகக் கடலுக்குத்தான். கோடையில் கடல் பதில் மரியாதைக்கு உள்ளே வருகிறது. இன்று ஆற்றில் தோண்டினால் களிமண். எங்கள் வீட்டிலும் கேன் தண்ணிதான். மேட்டுப் பக்கம் ஆழமாகப் போட்ட போர்வெல்களில் மட்டும் நல்ல தண்ணி. அதையும் டேங்கர் லாரிகள் வரிசையில் நின்று பிடித்துக்கொண்டு போகின்றன. அந்த டிரைவர்களோடு ஸ்டெல்லாவுக்கு தினமும் சண்டை.

இந்த வருஷம் எங்கள் மகளுக்கு நாவலூரில் ஒரு வரன். ஐடி கம்பெனிப் பையன், மகளுக்கும் பிடித்துவிட்டது. மூன்று பேரும் வீடு பார்க்கப் போனோம். பத்தாவது மாடி. லிஃப்ட், ஏசி, பால்கனி எல்லாம் ஆசையாகக் காட்டினான். ஸ்டெல்லா நேராகப் போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்தாள்.

"தம்பி, இந்தத் தண்ணி எங்கேருந்து வருது?"

"லாரில ஆன்ட்டி."

"லாரிக்கு எங்கேருந்து?"

 பாவம் பையன், வாட்ச்மேனுக்குப் போன் போட்டுக் கேட்டான். அவர் சொன்ன ஊர்ப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்!

"பாத்தியா ஸ்டெல்லா, உம் பொண்ணுக்கு முன்னாடியே நம்மூரு தண்ணி இங்க வந்து குடித்தனம் பண்ணிகினு கீது."

அவள் சிரிக்கவில்லை. குழாயை இறுக்கி மூடினாள். திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல்யாணம் நின்றுவிடுமோ என்று மகள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? அன்று தண்ணியைத் தேடி என் ஊருக்கு வந்தவள்... இன்று பெண்ணையும் தண்ணியையும் ஒரே திசையில் அனுப்ப வேண்டும்.

மறுநாள் காலை, ரோடெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டு டேங்கர் வந்தது. ஸ்டெல்லா நடுரோட்டில் போய் நின்று கையைக் காட்டினாள். சண்டைதான் என்று நானும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

"அண்ணாத்த, மூடிய நல்லா டைட் பண்ணிக்கோ. சிந்தாம போ. எம் பொண்ணு வாழப்போற வூட்டுக்குப் போவுது."