என் மரண அறிவிப்பை நானே எழுதினேன்

அன்பான சபையாரே, இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் என்னைத் தாங்கின ஆண்டவர் செய்ததை மறைக்க முடியாது.

போன லெந்து நாட்களில், அந்த உபவாச காலத்தில், என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகும் என்றார் டாக்டர். நான் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கிளியரிங் ஏஜெண்ட், சபையில் கமிட்டி அங்கத்தினர். "சாவுக்குப் பயப்படுத ஆளா நான்?" என்று எல்லாரிடமும் சிரித்தேன். உள்ளுக்குள் ஈரக்குலை நடுங்கியது.

ஜெபித்தேனா? இல்லை. மில்லர்புரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், கோட்டு மாட்டிப் படம் எடுத்துக்கொண்டேன். செத்தால் போஸ்டரில் போட! பிறகு உட்கார்ந்து என் மரண அறிவிப்பையும் எழுதினேன். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று தொடங்கி, நான் வகித்த பொறுப்புகளையெல்லாம் வரிசையாகப் போட்டேன். போன வருஷம் இறந்த நம் சபைச் செயலாளரின் போஸ்டரைவிட எனக்கு இரண்டு வரி அதிகம். மனது குளிர்ந்துவிட்டது. சே, என்ன பிறவி நான்!

மேசையைத் துடைத்த என் மனைவி எஸ்தர் அந்தத் தாளை எடுத்து வாசித்தாள்.

"என்னங்க, இதுல என் பேரு எங்கன இருக்கு?"

இருபத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள். அவளை எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏளா, இடம் பத்தல" என்றேன். அப்போதும் பொய்!

"பயமா இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்புடாதா? எனக்கு நாலு நாளா தொண்டையில சோறு எறங்கல" என்று சொல்லி அழுதாள்.

முழங்காலில் விழுந்தேன். கமிட்டியில் நான் பண்ணுகிற நீட்டு ஜெபம் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, பயமா இருக்கு. நான் ஒண்ணுமில்லாதவன், என்னை மன்னியும், தள்ளிறாதேயும்" என்று கதறினேன். எஸ்தரும் பக்கத்தில் முழங்காலிட்டாள். நடுக்கம் அங்கேயே நின்றுபோனது. ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே நின்றது. எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

சனிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி. ஸ்தோத்திரம்! வேறு மாதிரி வந்திருந்தாலும் அன்று அதைத் தாங்கியிருப்பேன்.

சாவை நினைத்ததும் நெஞ்சை நிமிர்த்திக் காட்டத் தோன்றுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால், பயத்தை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். அவர் பதவி பார்த்து ஏற்றுக்கொள்கிறவர் இல்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவளிடம் கேட்கவில்லை. வீட்டில் கேட்க என் வீறாப்பு விடவில்லை. அதோ, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். எஸ்தர், என்னை மன்னிச்சிரு.