எதிர்க்கரையில் நின்ற மான்கள்

காசிநாதன் தண்ணீர் விஷயத்தில் பொய் சொன்னதில்லை, ஒரே ஒரு முறை தவிர. அவரைப் புகழ இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. பலருக்கு இதுவே கிடைக்காது.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் ஆபரேட்டராக இருந்தவர் அவர். காலை ஷிப்டில் முதல் வேலை, ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் தண்ணீரை முகந்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பது. வண்டல் எவ்வளவு இறங்குகிறது, மேலே எவ்வளவு தெளிகிறது என்று பார்த்தால் தொட்டியின் அன்றைய உடம்பு எப்படி என்று தெரிந்துவிடும். கலங்கியதைப் பார்த்தபடி அரை மணி நேரம் சும்மா நிற்க ஒரு பொறுமை வேண்டும். அது அவரிடம் இருந்தது. மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அதைச் செலவழிக்க அவருக்கு மனம் வந்ததில்லை.

இப்போது அமிர்திக் காட்டுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் ஐந்து குடில்கள் போட்டு விடுதி நடத்துகிறார். மண் சுவர், ஓலைக் கூரை, சூரிய மின்சாரம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஜல்லி, மணல், கல்வாழைப் பாத்தி மூன்றையும் கடந்துதான் ஆற்றங்கரையை எட்டும். வருகிறவர்களின் ஷாம்பு பாக்கெட்டுகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு சீயக்காய்த் தூள் கொடுப்பார். ஆறு மணிக்கு பேட்டரி வண்டியில் காட்டோரமாக சஃபாரி. அதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, டார்ச்சும் ஜாடியுமாக அவர் கரைக்குப் போவார். மருத மரத்தடியில், பாத்தித் தண்ணீர் ஆற்றில் சேரும் இடத்தில் முகந்து, மீட்டரை விட்டு உப்பின் அளவைப் பார்த்து, வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். பெரும்பாலும் நானூற்றுப் பத்து. ஐந்து வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

எதிர்க்கரையில் இருக்கும் விடுதி தபரேஸுடையது. அதே தொழிற்சாலை வட்டாரத்தில் பச்சைத் தோல் குடோனில் மேஸ்திரியாக இருந்தவர். இருவரும் ஒரே வருடம் வேலையை விட்டார்கள். எதிர்க்கரை நிலம் விலைக்கு இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவரே காசிநாதன்தான். மேடும் நிழலும் உள்ள கரையைத் தனக்கு வைத்துக்கொண்டு, வெறும் கோரையும் சரளையுமாகக் கிடந்த கரையை நண்பருக்குக் காட்டினார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி அமிர்தவள்ளிக்குத் தெரியும்.

அந்தக் கோரைக் கரைக்குத்தான் மான்கள் வந்தன.

விடியலில் நான்கு, ஐந்து புள்ளிமான்கள். தண்ணீர் குடித்து, நிதானமாக நின்று, காது அசைத்துவிட்டுப் போகும். தபரேஸின் நான்கு அறைகளிலும் வந்து தங்குகிறவர்கள் படுக்கையிலிருந்தே பார்த்தார்கள். காசிநாதனின் விருந்தினர்கள் பேட்டரி வண்டியில் இரண்டு மணி நேரம் சுற்றி ஒரு கீரிப்பிள்ளையைப் பார்த்தார்கள். 'தண்ணீர் சுத்தம். மான் இல்லை' என்று ஒருவர் இணையத்தில் எழுதிவிட்டுப் போனார். அந்த நான்கு சொற்களை அவர் பல நாள் மென்றுகொண்டிருந்தார். தன் கரையில் ஒரு மான் நிற்க வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு குடும்பம் வந்தது. மூன்று நாளைக்குப் பதிவு செய்திருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம், பைகளைத் தோளில் மாட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, சிரித்துக்கொண்டே எதிர்க்கரைக்குப் போய்விட்டார்கள். குழந்தை கையாட்டியது. காசிநாதனும் கையாட்ட வேண்டியதாயிற்று.

"பிரியாணி வாசனைக்குப் போயிருப்பாங்க. உடுங்க" என்றாள் அமிர்தவள்ளி.

"பிரியாணியா? மானுக்குப் போனாங்க. அந்தக் கரைய அவனுக்குக் காட்டுனதே நானு."

"ஆமா. நல்லா இல்லாததப் பாத்துதான காட்டுனீங்க."

அவர் எதிர்க்கரையைப் பார்த்தபடி, "உப்பு போட்றான்" என்றார்.

"இன்னாது?"

"மானுக்கு உப்புன்னா உசுரு. முப்பது வருஷம் உப்புலயே நின்னவன் அவன். குடோன்ல தோலுல இருந்து உதறுன உப்பு மல மாதிரி கெடக்குது. ஒரு மூட்ட கொண்டாந்து கொட்டியிருப்பான். வேற எதுக்கு அந்தப் பொட்டக் கரைக்கு வருது?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா?"

பொறாமைக்குச் சான்று தேவைப்படுவதில்லை என்பதில் புதுமை இல்லை. அது தனக்கு வேண்டிய சான்றைத் தானே செய்துகொள்ளும்போது எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்பதுதான் வியப்பு. இரண்டே நாளில் காசிநாதனுக்கு தபரேஸ் உப்பு போடும் நேரம், இடம், அளவு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்த பின் அடுத்தது எளிது. அவன் போட்டால் நான் போடக் கூடாதா?

ஆம்பூருக்கு பைக்கில் போனார். தபரேஸ் வேலை பார்த்த பழைய குடோனில் இப்போதைய மேஸ்திரி நயீம் அகமது இருந்தார். கெட்டுப்போகாமலிருக்கத் தோலில் தடவி வைக்கும் உப்பை, ஊறப்போடும் முன் உதறி எடுப்பார்கள். அதில் மயிரும் மருந்தும் ரத்தக் கறையும் ஒட்டியிருக்கும். நிலத்தில் கொட்ட முடியாது, ஆற்றில் விட முடியாது. வருடக்கணக்காகத் தார்ப்பாய்க்குள் குவிந்து கிடப்பது அது.

"ஒரு மூட்ட இன்னா காசி, லாரியோட எடுத்துக்கினு போ. போறப்ப என்னையும் கூட்டிக்கினு போ" என்றார் நயீம் அகமது. எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் காசிநாதன் திரும்பி வந்திருக்கலாம்.

பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்புக் கரித்துப்போனது எப்படி என்று வருகிற ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்கிறவர் அவர். அந்த மனிதர் அன்று சாயங்காலம் மருத மரத்தடியில் குழி பறித்து, மூட்டையைக் கவிழ்த்தார். கட்டிகளைக் கையால் உடைத்து, பாத்தி கட்டுவது போல நேர்த்தியாகப் பரப்பினார். பிறகு யோசித்தபோது அதுதான் அவருக்கு அதிகம் உறுத்தியது.

இருட்டும் வேளையில் சிறு தூறல் விழுந்தது.

விடியலில் மான் வரவில்லை. ஜாடியில் முகந்தார். பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. மீட்டர் ஆயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. ஜாடியைக் கழுவி மறுபடி முகந்தார். அதேதான். வாசலுக்கு வந்து பலகையைத் துடைத்தார். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நானூற்றுப் பத்து என்று எழுதினார்.

எட்டரை மணிக்கு தபரேஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தார். அந்தக் குடும்பம் குழந்தையின் பையை இங்கே மறந்து விட்டிருந்தது. அதை வாங்கிப்போக வந்தவர், மருத மரத்தடியில் கரையேறியதும் நின்றுவிட்டார்.

"காசி! இன்னா இது, வெள்ளையா கொட்டி வச்சிருக்க?"

"மண்ணுக்கு பாய். கல்லுப்பு."

தபரேஸ் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டை விரலால் தேய்த்தார். பழுப்பாக ஒரு குட்டை மயிர் விரலில் ஒட்டியது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெள்ளாட்டுத் தோலு. மூணு மாசத்துச் சரக்கு. யாருகிட்ட தோஸ்த் கத உட்ற? நான் உதறாத உப்பா?"

காசிநாதன் முகம் சிவந்தது. "நீ மட்டும் போடலாமா?"

"நானா?"

"உன் கரைக்கு மான் சும்மாவா வருது?"

தபரேஸ் ஒரு காலைத் தூக்கி மரத்து வேரில் வைத்து, விரல் இடுக்கை விரித்துக் காட்டினார். வெடித்து வெடித்துக் காய்த்துப்போன தோல். "உப்புல நின்ன காலு. அஞ்சு வருசமாச்சு, இன்னும் ஆறல. உப்பே வேணாம்னு ஓடியாந்தவன்டா நான். வா, வந்து என் கரைய நக்கிப் பாரு."

"அப்ப ஏன் உங்கிட்ட மட்டும் வருது?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் எங்க பாத்தேன்? தொழுதுட்டு மறுபடி படுத்துருவேன். எட்டு மணிக்கு மின்ன யாரும் கதவத் தொறக்காதீங்க, எனக்குத் தூக்கம் கெட்டா பேஜாராயிடும்னு வர்றவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஜன்னல் வழியா பாக்குறாங்களாம். நீ இன்னா பண்ற? அஞ்சு மணிக்கு டார்ச் அடிச்சிக்கினு, ஜாடிய டங்கு டங்குன்னு மோந்துக்கினு, அதுக்கு ஜாஸ்தியா ஒரு இருமல் வேற. எனக்கே தூக்கம் போவுது. மான் நிக்குமா?"

அமிர்தவள்ளி பையோடு வந்து நின்றிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. குழியைப் பார்த்ததும் நின்றுபோனது.

"மம்பட்டி எடுத்தாம்மா" என்றார் தபரேஸ். "மானத்தப் பாரு, மத்தியானம் மழ ஊத்தும்."

மூவருமாக வெட்டினார்கள். உப்பு இறங்கிய மண்ணை ஒரு முழ ஆழம் சுரண்டி, நீல டிரம் இரண்டில் போட்டு மூடினார்கள். மீந்த மண்ணை அள்ளுகிறபோது தபரேஸ், "இந்த டிரம்ம எங்க போடுவ?" என்று கேட்டார். காசிநாதனுக்குத் தெரியவில்லை. ஆம்பூரில் யாருக்கும் தெரியாததுதான் அது. இன்றும் அவை பேட்டரி வண்டிக் கொட்டகையில் நிற்கின்றன. அவை என்ன என்று கேட்கிறவர்களுக்கு அவர் உள்ளதைச் சொல்கிறார்.

தபரேஸ் போன பின் வாசலுக்குப் போய்ப் பலகையைத் துடைத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதினார். அன்று வந்த ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். காசிநாதன் தடுக்கவில்லை.

இப்போது ஒன்பது மணிக்கு மேல்தான் கரைக்குப் போகிறார். சஃபாரியையும் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார். அந்த எண் நானூற்றுப் பத்துக்குத் திரும்பப் பத்தொன்பது நாளானது. இருபத்து மூன்றாம் நாள் அமிர்தவள்ளி சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

"மூணு வந்துச்சாம். ஒண்ணு குட்டி. மருத மரத்தாண்ட."

"யாரு பாத்தா?"

"ரெண்டாம் குடில் பொண்ணு. போன்ல காட்டுச்சு."

அந்தப் பெண்ணிடம் போனை வாங்கிப் பார்த்தார். அவருடைய மரம். அவருடைய கரை. மூன்று மான்கள், ஒன்று தலையைத் தூக்கி நேராகப் பார்த்தது. நல்ல படம் என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுவதும் அந்தப் பெண்ணை அவருக்குப் பிடிக்கவில்லை.

அவர் இன்னும் தன் கரையில் ஒரு மானைப் பார்த்ததில்லை. அவர் குடிசையின் ஜன்னல் கல்வாழைப் பாத்தியைப் பார்த்து இருக்கிறது. அதை வைத்தவரும் அவரே. ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்தால் கதவு கிறீச்சிடும். எதிர்க்கரையில் தபரேஸ் போர்வையை இழுத்துக்கொண்டு மறுபடி தூங்கியிருப்பார். அந்தத் தூக்கம் காசிநாதனுக்கு வாய்க்கவில்லை. இருமல் முட்டுகிறது. தலையணையை வாயோடு அழுத்திக்கொண்டு, விடியும்வரை அசையாமல் கிடக்கிறார்.