குறை சொல்லாமல் வாங்கிய வண்டி

எங்க கடைக்கு முன்னால ஒரு ஜப்பான் வண்டி நிக்கும். வந்தா நீங்களே பாக்கலாம். ரெண்டு சிலிண்டர், ரெண்டு சைலன்சர், டேங்குல ரெண்டு பக்கமும் குரோமியம். பாகம் பாகமா இங்க கொண்டுவந்து பூட்டினது இல்ல, ஜப்பான்லயே முழுசா செஞ்சது. வெளிநாட்டுக்குன்னே செஞ்சதால மீட்டர்ல கூட மைல் கணக்குதான் ஓடும். திருவனந்தபுரம் முழுக்கத் தேடுங்க, இன்னொண்ணு கிடைச்சா எனக்கும் சொல்லுங்க. அது என் வண்டி, என் பேர்ல இருக்கு. என் வீட்டுக்காரரைக் காட்டி "சாரோட வண்டியா?"ன்னு கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்றது கிடையாது. சாவியை விரல்ல மாட்டி ஒரு சுத்து சுத்துவேன், அவ்வளவுதான்.

நாங்க நாஞ்சில்நாட்டுக்காரங்க. சாலைங்கிற கடைத்தெருவுல பாத்திரக்கடை, எவர்சில்வரும் பித்தளையும். கல்யாணமாகி இந்தக் கடையில வந்து உக்காந்த காலத்துலயே இந்த வண்டியை எனக்குத் தெரியும், கண்ணை விடக் காதாலதான். காலையில தட்டு அடுக்கிக்கிட்டு இருக்கும்போது கிழக்கேகோட்டைப் பக்கமிருந்து சத்தம் வரும். பஸ்ஸும் ஆட்டோவும் சுமைக்காரங்க கூப்பாடுமா தெருவே அலறும், ஆனா அந்தச் சத்தம் மட்டும் தனியாக் கேக்கும். கடை தாண்டிப் போகையில அடுக்கின தட்டெல்லாம் கிணுகிணுன்னு ஆடும். கல்ஃப்ல இருந்தப்ப வாங்கி, கப்பல்ல ஏத்திக் கொண்டுவந்த ஒரு மலையாளி சார் அதுல வேலைக்குப் போவார். அவர் மூஞ்சியை நான் சரியாப் பாத்தது கூட இல்ல. வண்டியை மட்டும்தான் பாப்பேன்.

அப்புறம் ஒரு தடவை என் வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு படுத்தப்ப, சரக்கு கொண்டு போக ஆளில்லாம அவரோட பைக்கை நானே ஓட்டக் கத்துக்கிட்டேன். கியர் வண்டி பொம்பளைக்கு எதுக்குன்னு தெருவே பேசிச்சு. பேசட்டும், யாருக்கு வந்த விருந்தோன்னு விட்டுட்டேன்! குக்கர் பெட்டியைப் பின்னால கட்டிக்கிட்டு பாளையம் வரைக்கும் போயிட்டு வந்தேன். அவர் கால் சேந்த பிறகும் நான் சாவியைத் திருப்பிக் குடுக்கல.

என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். யாவாரத்துல புலி. சரக்கு வாங்கப் போனா முதல்ல உதட்டைப் பிதுக்குவார். அப்புறம் நகத்தால ஒரு சுண்டு சுண்டி, சத்தத்தைக் கேட்டுட்டுத் தலையை ஆட்டுவார். குறையா அடுக்கிட்டுத்தான் விலையே கேப்பார். எனக்கும் அதைத்தான் சொல்லிக் குடுத்தார். "பிடிச்ச சரக்கைத்தான் கூடுதலா ஏசணும், பாத்துக்க. ஆசை கண்ணுல தெரிஞ்சா போச்சு." கடையோட விட்டாரா? வீட்டுக்கும் அதே நாக்கைத்தான் கொண்டு வந்தார். சேலை எடுத்தா கரை சரியில்ல, குழம்பு வச்சா உப்பு கூடிட்டு. இத்தனை வருஷத்துல ஒரு நல்ல வார்த்தை? மூச்சு விட்டது இல்ல!

ஊடால அந்த வண்டிச் சத்தம் நின்னு போச்சு. ரொம்ப வருஷம் கேக்கவே இல்ல. போன வருஷம், மக கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு எடுக்க வந்த ஒரு மெக்கானிக் சொன்னார், அந்த சாருக்கு முட்டி போயிருச்சாம், கிக்கர் மிதிக்க முடியலையாம், வண்டியை விக்கப் போறாராம். கையில இருந்த விளக்கை அப்படியே வச்சுட்டு சார் வீட்டு அடையாளம் கேட்டுக்கிட்டேன். மறுநாளே பேட்டையில இருக்கிற சார் வீட்டுக்குப் போயிட்டேன். கிளம்பும்போது வீட்டுக்காரர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "பழைய இரும்பு. வாயைப் பிளந்துக்கிட்டு நிக்காத."

ஷெட்டுல வண்டி மேல மூடியிருந்த துணியை சார் உருவினார். அதேதான்! ஆனா பழகின நாக்கு சும்மா இருக்குமா? உதடு தானாப் பிதுங்கிட்டு. டேங்கை நகத்தால சுண்டினேன். "ஐய, பெயிண்ட் போயிருக்கே சார்"ன்னேன். சைலன்சர்ல துருன்னேன். சீட்டு பழசுன்னேன். பார்ட்ஸ் எந்த லோகத்துல கிடைக்கும்னு கேட்டேன். என் வாயா அது? எனக்கே பத்திக்கிட்டு வந்தது, ஆனாலும் நிக்கல.

அவர் துணியை எடுத்து மறுபடியும் வண்டியை மூடினார், மெதுவா, ஓரமெல்லாம் இழுத்துவிட்டு. "இத்தரை மோசமான வண்டியைத் தந்து நிங்ஙளைக் கஷ்டப்படுத்த எனக்கு மனசில்ல"ன்னு மலையாளமும் தமிழுமாச் சொன்னார். "கழக்கூட்டத்துல ஓட்டல் வச்சிருக்கவர் நாளைக்கு வர்றார். கண்ணாடிக்குள்ள நிறுத்தி லைட் போடுவாராம். அவர் இதைக் குறை சொல்லல. நிங்ஙள் போய்க்கோ." கேட்டைக் கை காட்டிட்டார்.

கேட் வரைக்கும் வந்து செருப்பை மாட்டினேன். கால் நகரல. நாளையில இருந்து அது கண்ணாடிக்குள்ள நிக்கும், புரோட்டா தின்னுக்கிட்டே நாலு பேர் போட்டோ எடுப்பாங்க. அந்தச் சத்தத்தை இனி இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, நானும்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமா வந்தது, எல்லாம் என் நாக்கு மேலதான். செருப்போட திரும்பி ஷெட்டுக்கே போனேன்.

"சார், நான் சொன்னது அத்தனையும் பொய். அது எங்க கடைத்தெரு நாக்கு. பெயிண்ட் போன இடம் உங்க முட்டி பட்ட இடம்னு எனக்குத் தெரியாதா? சீட்டு பழசு இல்ல, ஜப்பான்ல தைச்ச தையல், யாரும் இன்னும் பிரிக்கல. சாலையில எங்க கடைக்கு நாலு வீடு தள்ளி வளைவு வரும்போது நீங்க கியரைக் குறைப்பீங்க. சத்தம் ரெண்டு தடவை எகிறி இறங்கும். என் கடைத் தட்டெல்லாம் ஆடும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் போணியே. இதை விட அழகான வண்டி இந்த ஊர்ல ஓடினது கிடையாது. கண்ணாடிக்குள்ள வைக்கவா சார் இதை வாங்கினீங்க? நான் ஓட்டுவேன்!" மூச்சு வாங்கிட்டு எனக்கு. ஒரு பொருளை வாங்குறதுக்கு முன்னால அவ்வளவு புகழ்ந்த சாலைக்காரி நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அவர் என்னையே பாத்தார். அப்புறம் துணியை உருவிட்டு, "மிதி"ன்னார், அவ்வளவுதான்.

பெட்ரோல் டேப்பைத் திறந்தேன். சோக்கை இழுத்தேன். சுடிதார் துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு மிதிச்சேன். ஒண்ணுமில்ல. மறுபடியும் மிதிச்சேன், கிக்கர் எகிறிக் கணுக்காலைப் பதம் பாத்தது. விடுவேனா? பல்லைக் கடிச்சுக்கிட்டு முழு உடம்பையும் இறக்கினேன். பிடிச்சிட்டு! ஷெட்டு முழுக்க நீலப் புகை, எண்ணெய் வாசம், காது நிறைய அதே சத்தம். சார் டேங்கு மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு நின்னார். அவர் கண்ணு கலங்கினது புகையாலன்னு அவர் சொன்னார், நானும் சரின்னுட்டேன்.

விலை சொன்னார். வாய் பழக்கத்துல திறந்துட்டு. இறுக்கி மூடினேன். "சரி சார்."

பேர் மாத்துற வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு, பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்காய் போட்டுட்டு, டயர்ல எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு, சாலைக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்தேன். அந்த வளைவுல வேணும்னே கியரைக் குறைச்சேன். தெருவே எட்டிப் பாத்தது. நான் இடது வலது பாக்கவே இல்ல, மகாராணி கணக்கா நேராப் போய்க் கடை முன்னால நிறுத்தினேன்.

"எவ்வளவு குறைச்ச?" இதுதான் வீட்டுக்காரரோட முதல் கேள்வி.

"ஒரு பைசா குறைக்கல"ன்னு சொல்லி, நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன்.

மனுசன் மூஞ்சி சுண்டிப் போச்சு. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்து, உதட்டைப் பிதுக்கி, டேங்கைச் சுண்டினார். "பெயிண்ட் போயிருக்கு." நான் முறைச்ச முறைப்புல உள்ள போயிட்டார். அதுக்கப்புறம் வண்டியைப் பத்திப் பேச்சே எடுக்கல. ஆனா வண்டிக்கு வெயில் படாத இடம் வேணுமேன்னு, வாசல்ல காட்சிக்கு வச்சிருந்த பெரிய அண்டாவெல்லாம் ஒரு நாள் தானா உள்ள நகந்திருந்தது.

கொஞ்ச நாள் கழிச்சு, கழுத்துல ஆபீஸ் கார்டு தொங்கின ஒருத்தர் வந்து வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். நான் உள்ள குடம் துடைச்சுக்கிட்டு இருந்தேன். "அண்ணாச்சி, பெயிண்டெல்லாம் போயிருக்கே. பழைய வண்டி. என்ன விலைக்குத் தருவீங்க?"

எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சார். "என்னது, பெயிண்ட் போயிருக்கா? கண்ணைத் தொடச்சுட்டுப் பாரும்! அது ஓட்டினவர் முட்டி பட்ட இடம். அந்தத் தையலைப் பாரும், ஜப்பான் தையல். இந்த ஊர்ல இன்னொண்ணு காட்டும் பாப்போம்! விலையா கேக்குதீரு? இது என் வீட்டுக்காரி வாங்கின வண்டிய்யா. அவ கை வச்சா அது தப்பான பொருளா இருக்காது. போவும்!" தெருவுக்கே கேட்டது.

எனக்குக் குடம் மங்கலாத் தெரிஞ்சது. திரும்பி நின்னுக்கிட்டேன். அவரும் உள்ள வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி உக்காந்துட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சோறு போட்டேன். ஒரு வாய் வச்சுட்டு உதட்டைப் பிதுக்கினார். "குழம்புல உப்பு கூடிட்டு, ஏட்டி."

பிடிச்ச சரக்கைத்தான் கூடுதலா ஏசணும்னு அவர்தானே சொல்லிக் குடுத்தார். நான் சிரிச்சுக்கிட்டே இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தினேன்.