மை தீராத மெஷின்

கடைக்குள் நுழைந்ததும் அவர் பிரிண்டர்களைப் பார்ப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருக்கும் மைப் பெட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி, காதருகே கொண்டுபோய்க் குலுக்குகிறார். உள்ளே ஒன்றும் கேட்பதில்லை. மை பஞ்சில் ஊறிக் கிடக்கிறது, குலுக்கினால் சத்தம் வராது என்று கடைக்காரப் பெண் பலமுறை சொல்லிவிட்டாள். "தெரியும்மா. பஞ்சு எவ்வளவு குடிக்குது, எனக்கு எவ்வளவு மிச்சம் வைக்குதுன்னு பாக்கறேன்" என்பார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையைத் திருப்பித் தருவது போல இரண்டு கையாலும் தருவார்.

குழாய் ரிப்பேர் வேலை அவருக்கு. தொழில் வட்டாரத்தில் பெயர் 'சொட்டு'. அந்தப் பெயர் அவராகத் தேடிக்கொண்டது. குளியலறையில் அடைப்பு என்று கூப்பிட்டிருப்பார்கள். மனிதர் நேரே சமையலறைக்குப் போய், குழாய்க்கு அடியில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். ஒரு சொட்டு விழவேண்டும். விழுந்துவிட்டால் போதும், அடைப்பு, கிடைப்பு எல்லாம் அப்புறம்தான். "பெருசா உடைஞ்சா நாலு பேர் ஓடி வருவான் சார். சொட்டுனா எவனும் வரமாட்டான். தொட்டியே காலியாயிரும்." குட்டையான ஆள். விரல்கள் தடித்தவை. குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பின் துணுக்கு ஒன்று எப்போதும் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அது கூடவே போகும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு பிரிண்டர் கடையில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை அவருடைய மகளால் வந்தது. ஒரே மகள். ஏழாம் வகுப்பு. கெட்டிக்காரி, வாயாடி. அவளுடைய பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. புத்தகத்தின் எழுத்து அவளுக்கு எறும்பு வரிசையாகி, பிறகு வெறும் சாம்பல் கோடாகிவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிக் காட்டலாம்தான். அந்த வெளிச்சம் பட்டால் கண் கூசி நீராய்க் கொட்டுகிறது. ஆகவே பள்ளியிலிருந்து வரும் பாடங்களை எழுத்தைப் பெரிதாக்கி, தாளில் அச்சடித்துத் தரும் பொறுப்பைச் சொட்டு தன் தலையில் போட்டுக்கொண்டார்.

எழுத்து பெரிதாகப் பெரிதாக வார்த்தை வரிக்குள் அடங்காது. ஒற்றைக் கொம்பு ஒரு வரியின் கடைசியில் நின்றுகொண்டு, அதற்குரிய எழுத்து அடுத்த வரிக்குப் போய்விடும். "மாட்டை விட்டுட்டுக் கொம்பு மட்டும் நிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு வரியையும் கையால் தட்டித் தட்டிச் சரிசெய்வார். குறடு பிடிக்கிற விரல் கீபோர்டில் ஒரு சாவியை அழுத்தினால் இரண்டு சாவி இறங்கும். அழித்துவிட்டு மறுபடி அடிப்பார். பொறுமை அந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கடலளவு.

முதல் பிரிண்டர் ஏதோ ஒரு தள்ளுபடியில் வந்தது. கைக்கு அடக்கமான விலை. பெட்டி மை தீர்ந்து புதிதாக வாங்கப் போன அன்றுதான் சங்கதி புரிந்தது. "மெஷினைச் சும்மா குடுக்கற மாதிரி குடுத்துட்டு, மையில உயிரை எடுக்கறாங்க. தொட்டியை இனாமாக் கட்டிக் குடுத்துட்டுத் தண்ணிக்கு வரி போடற மாதிரி இருக்கு" என்று வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் நியாயம் கேட்டார். அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் பாவம். தலையாட்டினார்கள்.

மையை மிச்சம் பிடிக்க அவர் படாத பாடில்லை. வெளிறலாக அடிக்கும் சிக்கன முறை ஒன்று அதில் இருந்தது. அதில் போட்டுப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகவும் விளிம்பு மட்டும் கறுப்பாகவும் இருக்கும் எழுத்தில் போட்டுப் பார்த்தார். எதைக் கொடுத்தாலும் மகள் தாளை மூக்கருகே கொண்டுபோய், "நல்லாத் தெரியுதுப்பா" என்றாள். ஒரு நாள், "எல்லாரும் பொண்ணு கண்ணுக்கு ஒரு கோடுதான் மை போடுவாங்க. எங்கப்பா பெட்டி பெட்டியா வாங்கிப் போடறாரு" என்றாள். சொட்டு சிரித்தார். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய், சொட்டாத குழாயை இறுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

கடைக்காரப் பெண் நல்லவள். பழைய மெஷின் தாளைக் கசக்க ஆரம்பித்துவிட்டது என்று கேட்டு, அவளே ஒரு நாள் இரண்டு மெஷின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒன்று பழையதைப் போலச் சின்னது. இன்னொன்று பக்கவாட்டில் தொட்டி வைத்தது. பாட்டில் மையை அதில் ஊற்றிக்கொள்ளலாம். மை மலிவு. மெஷின்தான் கையைக் கடிக்கும்.

"மாசம் எவ்வளவு அடிப்பீங்கண்ணா? கொஞ்ச நாளைக்குத்தான்னா சின்னதே போதும். வருஷக்கணக்கா அடிக்கறதா இருந்தாத்தான் தொட்டி மெஷின் கட்டுப்படியாகும். எத்தனை வருஷத்துக்கு வேணும்?"

சாதாரணமான கேள்வி. வருகிறவர்களிடமெல்லாம் அவள் கேட்கிற கேள்வி. சொட்டு தொட்டி மெஷினின் மூடியைத் திறந்து மூடினார். இதே கேள்வியை அவர் கண் டாக்டரிடம் கேட்டிருந்தார். "சொல்ல முடியாது. இருக்கிற வரைக்கும் படிக்கட்டும்" என்று டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தார். சின்ன மெஷினை வாங்கினால் அந்த வார்த்தைக்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. "யோசிச்சு வரேம்மா" என்று கிளம்பிவிட்டார்.

யோசனை மாதக்கணக்கில் நீண்டது. வேலை முடிந்து வரும் வழியில் கடைக்குள் எட்டிப்பார்ப்பதும், மைப் பெட்டியைக் குலுக்குவதும், தொட்டி மெஷினின் மூடியைத் திறந்து மூடுவதும் வழக்கமாயின. அவர் மனைவி ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடத்தில் மாலை ஷிஃப்ட் பார்க்கிறவள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "சின்னதே வாங்கிடுங்க" என்றாள் ஒரு நாள். ஏன் என்று இவர் கேட்டார். "டாக்டர் சொன்னப்ப நானும் பக்கத்துலதானே இருந்தேன்" என்றாள். அதன் பிறகு இரண்டு பேரும் நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கோபம் ஒருவர் மேல் ஒருவருக்கு இல்லை. யார் மேல் என்றும் தெரியாத கோபம்.

கடைசியில் தொட்டி மெஷினே வந்து சேர்ந்தது. மை ஊற்றும்போது சொட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு துளி வெளியே போகவில்லை. "ஒரு தடவை ரொப்பினா ரெண்டு வருஷம் வரும்" என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேலை செய்கிற வீடுகளில், டீக்கடையில், வழியில் பார்த்தவரிடமெல்லாம், "ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். மையைப் பற்றிச் சொல்கிறாரா, மகளைப் பற்றிச் சொல்கிறாரா என்று கேட்டவர்களுக்குப் புரிந்திருக்காது. அவருக்கே அந்த இரண்டும் ஒன்றாகிவிட்டிருந்தன. தொட்டியில் மை நிற்கும் வரை மகளுக்குப் பார்வையும் நிற்கும் என்று யாரோ எழுதிக் கொடுத்தது போல நடமாடினார்.

அந்த மெஷினின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. மெஷினை வண்டியில் ஏற்றிப் போகும்போது மை சிந்தாமல் இருக்க, தொட்டியை அடைப்பதற்கு வைத்தது. சொட்டுவின் கண்ணில் அது பட்டதே வினை. தினமும் படுக்கப் போகுமுன் அதை மூடுவார். மாலையில் அச்சடிக்குமுன் திறப்பார். கடைக்காரப் பெண் கேள்விப்பட்டு அலுத்துக்கொண்டாள். "வீட்டுல வச்சிருக்கறப்ப அதைத் தொடவே வேணாம்ணா."

"நீ சொல்லுவ. வால்வுன்னு ஒண்ணு இருந்தா மூடிட்டுத்தாம்மா தூங்கணும்."

மாலை நேரம் அந்த வீட்டில் அழகானது. மனைவி ஷிஃப்டுக்குப் போயிருப்பாள். சொட்டு அடுப்படியில் நிற்பார். மகள் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வந்து விழும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பாள். அவர் குழம்பைக் கிளறிக்கொண்டே ஊம் கொட்டுவார். ஏழாம் வகுப்பை அவர் இப்போதுதான் படிக்கிறார் என்று ஷிஃப்ட் முடிந்து வரும் மனைவி கேலி செய்வாள். அதில் பொய்யில்லை.

அன்று எங்கோ குழாய் வெடித்து, மனிதர் தொப்பலாக நனைந்து வீடு திரும்பியிருந்தார். அவசரமாகப் பாடத்தைச் சரிசெய்து மெஷினை ஓடவிட்டார். முதல் தாள் கன்னங்கரேலென்று வந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பாடம் மழையைப் பற்றியது. அதில் 'திவலை' என்று ஒரு சொல் வந்தது. தட்டும்போதே அது அவரைப் பிடித்துக்கொண்டது. திவலை என்றால் சின்னத் துளி என்று பாடத்திலேயே கீழே போட்டிருந்தது. இத்தனை வருஷம் சொட்டோடு மல்லுக்கட்டியும் அதற்கு இப்படியொரு பெயர் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வியந்து, மகள் எப்போது அந்த இடத்துக்கு வருவாள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மேலே போகப் போக நீராவி குளிர்ந்து, சின்னச் சின்னத் துளிகளாகி மேகமாகிறது" என்று வாசித்தாள் மகள்.

"துளி இல்லம்மா. வேற ஒண்ணு போட்டிருக்கும் பாரு" என்று கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை.

மகள் கையில் இருந்தது வெள்ளைத் தாள். மடியில் கிடந்த தாள்களில் முதலாவது மட்டும் கறுப்பு, அடுத்தது சாம்பல், மற்றதெல்லாம் வெறும் தாள். திருகு மூடியபடியே இருந்தது. குழாயில் மிச்சமிருந்த மை தீர்ந்ததும் மெஷின் பாட்டுக்கு வெள்ளையாகத் தள்ளிக்கொண்டிருந்தது. மகளோ அந்த வெள்ளையை மூக்கருகே பிடித்துக்கொண்டு மழைப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழி மதியத்தில் பாடத்தை வாசித்துக் காட்டுவாள் என்று மகள் எப்போதோ சொன்னதுண்டு. அது விளையாட்டு என்று அவர் நினைத்திருந்தார். காதால் கேட்டதைத்தான் அவள் மாலையில் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். எத்தனை நாளாக என்று அவருக்குத் தெரியவில்லை. 'ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அப்பாவிடம், தெரியவில்லை என்று சொல்ல அந்தக் குழந்தைக்கு மனம் வரவில்லை. கரண்டியிலிருந்து குழம்பு தரையில் விழுந்தது; அதை அவர் கவனிக்கவில்லை.

"என்னப்பா, திவலையா? ஆமாமா, திவலைதான் போட்டிருக்கு. வேகத்துல துளின்னு படிச்சுட்டேன்" என்றாள் மகள். அப்பா பேசாமல் நிற்பதைப் பார்த்து, இல்லை, கேட்டு, இன்னும் கொஞ்சம் உற்சாகமாகச் சொன்னாள்: "எழுத்து நல்லாக் கறுப்பா விழுந்திருக்குப்பா. இதான் நல்ல மெஷின்."

"ஆமாம்மா" என்றார்.

"இதோ பாரு, இங்க இருக்கு திவலை" என்று தாளின் நடுவில் ஒரு விரலை வைத்தாள்.

சொட்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். மகளின் விரலைப் பிடித்து, அந்த வெள்ளைத் தாளில் மெல்ல நகர்த்தி, "ஒரு வரிதாம்மா தள்ளி இருக்கு" என்று சொல்லி, கொஞ்சம் கீழே இறக்கி வைத்தார்.