டபுள் விசில்

பெரியப்பா டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முழுப் பரீட்சை லீவுக்கு நான் வில்லாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே பெரிய பிரச்சினையே அவருடைய ஸ்கூட்டர் சாவிதான். பெரியம்மா அதை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்திருந்தார். முந்தின வாரம் பெரியப்பா வண்டியை எங்கேயோ விட்டுவிட்டு நடந்து வந்தாராம். அதற்காக ஒரு மனுஷரின் சாவியைப் பிடுங்குவார்களா? நான்கூடத்தான் பள்ளிக்கூடத்தில் குடையை விட்டுவிட்டு வருவேன்.

பெரியப்பா காலையிலிருந்து தலையணைக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால், செருப்புக்குள் என்று தேடிக்கொண்டே இருந்தார். "கேட்டா தெரியாதுனு சொல்லிரு" என்று பெரியம்மா என்னிடம் சொல்லியிருந்தார். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். பெரியவர்களே சொல்லச் சொன்னால் யார் கண்ணைக் குத்தும் என்று எனக்குக் குழப்பம். பெரியம்மா குளிக்கப் போனதும் டிரம்முக்குள் கையை விட்டேன். சாவியைப் பார்த்ததும் பெரியப்பா முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் நின்றது. அவர் காலை ஊன்றிக்கொண்டு, முன்னால் பார்த்தபடி இருந்தார். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு, கண்டக்டர் மாதிரி வாயாலேயே இரண்டு விசில் அடித்தேன். வண்டி கிளம்பியது. எந்தப் பெரியவரும் என்னோடு இப்படி விளையாடியதில்லை. தெற்குவாசல் வருவதற்குள் என் உதடு வறண்டுவிட்டது.

பெரியார் பஸ் நிலையத்தில், டவுன் பஸ் நிற்கிற இடத்திலேயே வண்டியை நிறுத்தித் திரும்பினார்.

"எறங்கு பாப்பா, கடைசி ஸ்டாப்பு. யார் கூட வந்த?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி விசில் அடித்துப் பார்த்தேன், வண்டி நகரவில்லை. பயத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. அவருடன் வேலை பார்த்த டைம்கீப்பர் ஓடிவந்து, "அண்ணே, நீங்களா? வாங்க, வீட்ல கொண்டாந்து விடுறேன்" என்று எங்களை ஆட்டோவில் ஏற்றினார். ஸ்கூட்டரை இன்னொருவர் பின்னாலேயே ஓட்டிவந்தார்.

வாசலிலேயே பெரியம்மா நின்றிருந்தார். "சாவிய யாரு எடுத்துக் குடுத்தா?" நான் பெரியப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"யாரும் குடுக்கல. எஞ்சாவி எஞ்சட்டப் பையிலதேன் இருந்துச்சு."

மறுநாள் யாரோ வந்து அந்த ஸ்கூட்டரை விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போனார்கள். பெரியம்மா அழுதார். பெரியப்பா ஸ்டாப்பில் நிற்பதுபோலவே வாசலில் நின்று பார்த்தார். எனக்கோ, என்னைக் காட்டிக்கொடுக்காத பெரியப்பாவை நினைத்து ஒரே பெருமை. நினைவிலேயே இல்லாத ஒருத்தியை அவர் எப்படிக் காட்டிக்கொடுப்பார் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.