நல்ல நித்திரையும் ஒரு நோயாம்!

"…பெயர் போடமாட்டினமாம் அண்ணை. சரி, போடாமல் விடட்டும். 'பண்டத்தரிப்பில் ஆடு வளர்க்கும், கணவர் கனடாவில் உள்ள பெண்' எண்டு போட்டால்? ஊரிலை ஆடு வளர்க்கிற பெண்டுகளும் இருக்கினம், கனடாக்காரற்றை மனுசிமாரும் இருக்கினம். ரெண்டும் சேர்ந்த ஆள் நான் ஒருத்திதானே!"

சந்தியில் என் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு இப்படிப் பொரிந்தவர் யோகம். (யோகம் நான் வைத்த பெயர். அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆட்டையும் மாடாக்கட்டுமா என்றேன். "என்ரை ஆடுகளை என்னத்துக்கு ஒளிக்கிறியள்?" என்றார்.)

விஷயம் இதுதான். கணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெண்களின் மனநிலையை அறிய ஓர் ஆய்வுக் குழு வந்திருக்கிறது. நல்ல நோக்கம்தான். வாசல் படலையில் நின்று கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தவர் யோகத்தின் கணவருடைய தம்பி. தேங்காய் வாங்க வந்த மனிதர்! ஆய்வு எதற்கு, விபரங்களை என்ன செய்வார்கள், விரும்பாவிட்டால் எப்போதும் விலகலாம்… எல்லாவற்றையும் அவருக்கே ஒழுங்காக விளக்கியிருக்கிறார்கள். அவரும் "ஓம் ஓம், வடிவாய்க் கேளுங்கோ" என்று பெருந்தன்மையோடு சம்மதித்துவிட்டுத் தேங்காயோடு போய்விட்டார். யோகம் கை கழுவிக்கொண்டு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

மனம் யாருடையது? யோகத்தினுடையது. சம்மதம்? தேங்காய் வாங்க வந்தவருடையது!

பிறகு கேள்விகள். எங்கேயோ ஒரு குளிர்தேசத்தில் பிறந்து, தமிழுக்கு மாறி, எங்கள் வெயிலுக்குள் வந்து நின்ற கேள்விகள்.

"பக்கத்திலை இல்லாத ஆக்களின்ரை குரல் கேட்குதோ எண்டு கேட்டினம். ஓம், ஒவ்வொரு நாளும் எண்டன். அவர் வட்ஸ்அப்பிலை வொயிஸ் போடுறவரெல்லே! செத்த ஆக்களோடை கதைக்கிறனியளோ எண்டினம். வெள்ளிக்கிழமை அம்மான்ரை படத்துக்கு விளக்கு வைக்கேக்கை நாலு ஊர்ப்புதினம் சொல்லாமல் விடுறதே? அதுக்கும் ஓம்."

ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு புள்ளி. எங்கள் ஆட்களுக்குக் கேள்வித்தாளைக் கண்டால் பரீட்சைதானே ஞாபகம் வரும்? யோகமும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லியிருக்கிறார். முடிவில் பக்கத்து வீட்டுக்காரியைவிடக் கூடுதல் புள்ளிகள்!

"கெட்டிக்காரி எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டன் அண்ணை. பேந்துதான் தெரியும், கூட எடுத்தால் கூடாதாம், மனதிலை கோளாறாம். எனக்கென்ன விசரே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கணவர் இல்லாத இரவுகள் எப்படி என்றும் கேட்டிருக்கிறார்கள். யோகம் உள்ளதைச் சொல்லிவிட்டார்: "அவர் போனாப்பிறகுதான் நான் நல்லாய் நித்திரை கொள்ளுறன்."

"அந்த மனுசன் விடுற குறட்டைக்கு ஆடுகளே எழும்பி நிக்கும் அண்ணை. அதுதான் சொன்னனான்."

அன்று சனிக்கிழமை. பின்னேரம் சனசமூக நிலையத்தில் ஆய்வு முடிவுகளை ஊருக்குக் காட்டப் போகிறார்கள். யோகத்தின் நித்திரை வசனமும் அதில் வருகிறதாம். முன்வரிசையில் வந்து இருக்கப் போவது மச்சாள்… அதாவது யோகத்தின் கணவருடைய அக்கா. கூட்டம் முடிய முன்னரே செய்தி கனடாவில் இறங்கிவிடும்.

"அவர் அங்கை பேக்கரியிலை மாவுக்குள்ளை நிண்டு உழைக்கிறார். நான் இல்லாமல் என்ரை மனுசி நிம்மதியாய் இருக்கிறாள் எண்டு ஊர் வாயாலை கேட்டால் உடைஞ்சு போவரெல்லே? நீங்கள் பேப்பரிலை எழுதுற ஆள். சொல்லி அந்த வசனத்தை எடுப்பியுங்கோ."

போனோம். கதிரை அடுக்கிக்கொண்டிருந்த ஆய்வுப் பிள்ளையைப் பிடித்தோம். நல்ல பிள்ளை. விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. உங்களுக்குத்தான் விளங்கப்படுத்தியிருக்க வேணும்" என்று மடிக்கணினியைத் திறந்தது.

யோகத்தின் வசனம் பெரிய எழுத்தில் கிடந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில்: 'பிரிவுத் துயரை மறுக்கிறார்.'

யோகம் திரும்பவும் வாசித்தார். "ஆர் மறுக்கிறது?"

"அது… துக்கம் இருந்தும் இல்லையெண்டு சொல்லுற நிலை அன்ரி."

"துக்கம் இருக்கு எண்டு சொல்லியிருந்தால்?"

"துக்கம் எண்டு போட்டிருப்பம்."

"அப்ப என்னத்துக்குப் பிள்ளை என்னட்டைக் கேட்டனீங்கள்?"

இதற்கு எந்தப் பேராசிரியர் பதில் சொல்வார்? கணவன் பக்கத்தில் இல்லாத பெண் அழத்தான் வேண்டும் என்று முதலே முடிவெடுத்துவிட்டால், அவள் சிரிப்பதும் அழுகைக் கணக்கில்தான் ஏறும்.

பிள்ளை மெல்லச் சொன்னது: "விரும்பினால் நீங்கள் முழுசாய் விலகலாம் அன்ரி. உங்கடை பதில் எல்லாத்தையும் இப்பவே அழிச்சுவிடுறன்."

எனக்குப் பெரிய ஆறுதல். வந்த வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்! யோகம் அசையவில்லை.

"நான் விலகினால் மிச்சம் என்ன இருக்கும்?"

பிள்ளை அடுத்த பக்கங்களைத் தட்டிக் காட்டியது. அழுகை. தனிமை. பசியின்மை…

"அப்ப இந்த ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு இருக்கினம் எண்டு புத்தகத்திலை வரப்போகுது. வேண்டாம். என்ரை வசனம் நிக்கட்டும். உந்த 'மறுக்கிறார்' எண்டதை எடு."

"பேராசிரியர் சேரிட்டைக் கேக்க வேணும் அன்ரி…"

"நான் நித்திரை கொள்ளுறதுக்குச் சேரிட்டை என்னத்துக்குக் கேக்கிறாய்?"

பிள்ளை என்னைப் பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம் — மறுப்பு மறைந்தது.

அதே நேரம் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு மச்சாள் ஏறினார். யோகத்தின் முகம் வெளிறியது. "இன்னும் நேரம் இருக்கு, அழிப்பமோ?" என்று கிசுகிசுத்தேன்.

யோகம் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். கனடாவில் அப்போதுதான் விடிந்திருக்கும். வீடியோவில் தலை கலைந்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"இஞ்சாருங்கோ, எழும்பிட்டியளே? உங்கடை அக்கா சொல்ல முன்னம் நானே ஒண்டு சொல்லிப்போடுறன். நீங்கள் போனாப்பிறகு நான் நல்லாய் நித்திரை கொள்ளுறன். உங்கடை குறட்டைதான் காரணம், வேறை ஒண்டுமில்லை. பின்னேரம் ரீ குடிக்கேக்கை மட்டும் ஆள் இல்லாதது தெரியுது… அதை இவையள் ஒருத்தரும் கேக்கேல்லை."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் வர முன்னரே போனைப் பிள்ளையின் கையில் திணித்தார் யோகம்.

"இந்தா பிள்ளை. இனி இவரைக் கேள், அங்கை நித்திரை வருதோ எண்டு!"