போர்ட்டிகோவில் கத்திய அமெரிக்கர்

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் கொஞ்ச காலம் ஒரு அமெரிக்கர் குடியிருந்தார். வாடகை கிடையாது, விடிந்ததும் விடியாததுமாகக் கத்தல் வேறு. ஆள் வரவில்லை, குரல் மட்டும்தான். அங்கே அவருக்குச் சாயங்கால நிகழ்ச்சி, இங்கே அஸ்தினாபுரத்தில் எங்களுக்குக் காலை. பாட்டே போடாமல் பேச்சை மட்டும் ஒலிபரப்பும் ரேடியோ அது. இவர் பேசுவார், நேயர்கள் போன் போட்டு இவரைவிட மோசமாகப் பேசுவார்கள்.

இந்த வினையைக் கொண்டுவந்தவள் என் மகள். கல்யாணமாகி டெக்சாஸில் இருக்கிறாள். அவள் அப்பா அங்கே வரும்போது அந்த ஊர் இங்கிலீஷ் புரிய வேண்டுமாம். அதற்காக லீவில் வந்தபோது அவர் போனில் ஒரு ரேடியோ ஆப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் காட்டிக் கொடுத்தது நியூஸ் சொல்லும் ஸ்டேஷன். என் வீட்டுக்காரர் விரலால் தேய்த்துத் தேய்த்து இந்த ஆளிடம் போய்ச் சேர்ந்தார்.

இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, கோபம் முழுசாகப் புரிந்தது. வெளியாட்கள் வந்து நாட்டைப் பிடித்துவிட்டார்கள், மண்ணின் மக்களை ஒழித்துவிட்டு வந்தவர்களை உட்காரவைக்க மேலிடத்தில் சதி நடக்கிறது, எல்லாரையும் மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். தினமும் இதே பல்லவி. நடுநடுவே விளம்பரம் வரும்: மூட்டுவலி மாத்திரை, தங்கக் காசு, உலகமே அழிந்தாலும் கெட்டுப்போகாத வாளிச் சாப்பாடு. அந்த வாளியில் ஒன்று வரவழைக்கலாமா என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த எரிச்சலில் அன்றைக்கு மத்தியானம் அடுப்பே பற்றவைக்கவில்லை.

"மன்சன் கரெக்டா பேசறாரு. நம்ம ஊர் கதையும் இதான?" என்பார். இவர் பரம்பரையாக இந்த ஊர்க்காரர். சரி, நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றது யார்? இவரும் இவர் அண்ணன்மாரும்தான். மனை வாங்கியவர்கள் வீடு கட்டக் கட்ட, ஹார்டுவேர் கடை வைத்து அவர்களுக்கே பைப்பும் பெயின்ட்டும் விற்றார். வெளியாட்களால் நாசமாய்ப் போனோம் என்று புலம்பிக்கொண்டே வெளியாட்கள் புண்ணியத்தில் கார் வாங்கியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

"அந்தாளு தொரத்தச் சொல்றதே நம்ம பொண்ணு மாதிரி ஆளுங்களத்தாங்க," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். நம் பெண் படித்து, விசா வாங்கி, ராஜபாட்டையில் போனவள், அவர் திட்டுவது வேலி தாண்டி வருகிறவர்களை என்றார். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பேச்சோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு ஒடிசா ஜோடி குடியிருந்தது. அவனுக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் வாயும் வயிறுமாக இருந்தாள். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள், என்னை அக்கா என்பாள். அவள் அம்மாவால் அவ்வளவு தூரம் வர முடியாது என்பதால் நானே வளைகாப்பு செய்துவிடலாம் என்று தாம்பரம் மார்க்கெட்டில் கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்திருந்தேன். அவள் கடுகெண்ணெயில் மீன் வறுக்கும் நாற்றம் தாங்கவில்லை என்று இவர் ஆரம்பித்தார். நாங்கள் மொட்டை மாடியில் நெத்திலி காயப்போட்டால் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும், அது கணக்கில் வராது. போன மழைக்குக் கீழே தண்ணீர் புகுந்தபோது, அதே கடுகெண்ணெய் மீனை இவர் அவள் வீட்டில் உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றதும் கணக்கில் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மேலே போய், மாசக் கடைசியில் காலி பண்ணும்படி சொல்லிவிட்டு வந்தார். இனிமேல் நம்ம ஆட்களுக்குத்தான் வாடகைக்கு விடுவாராம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்தப் பெண் எங்கே போய் வீடு தேடுவாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். டம்ளரை வைக்கிற சத்தம்தான் எங்களுக்குள் பேச்சு. மனிதர் அசையவில்லை.

அந்த வாரமே ஒரு காலையில், ரேடியோ அலறிக்கொண்டிருக்கும்போது மகள் என் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நகர்த்தினேன். அது என்ன சத்தம் என்று அவள் கேட்டாள். அவர் பெருமையாக அந்த ரேடியோக்காரர் பெயரைச் சொன்னார்.

"எங்க ஹவுஸ் ஓனரும் இவரைத்தான்பா கேப்பாரு. கராஜ்ல சத்தமா வெச்சுப்பாரு," என்றாள். "லீஸ் முடிஞ்சதும் காலி பண்ணிடுங்கன்னு சொல்லிட்டாரு. இனிமே இந்தியாக்காரங்களுக்குத் தர்றதா இல்லையாம்."

என் குழந்தை எதையும் இவ்வளவு சின்னக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை. இவர் தன் போனை எடுத்துத் தப்புத் தப்பாக எதையெதையோ அழுத்தி, கடைசியில் ஒருவழியாக ரேடியோவை நிறுத்தினார்.

மகள் தொடர்ந்தாள். திரும்பி வந்துவிடலாமா என்று அவளும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். "மாடிப் போர்ஷன் காலியா இருக்காப்பா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தார்.

"இல்லம்மா," என்றார். "ஆள் கீறாங்க. அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறக்கப் போவுது. நீங்க வந்தா கீழ எங்களோட இருங்க."